தன்னிரக்கமும் தற்பரிவும்: ஜெனற் பிரேமின் சுயசரிதம் பற்றிய சில சிந்தனைகள்

தமிழ் விமர்சகர்களின் கையிருப்பிலுள்ள கண்டனச் சொற்களுள் ‘தன்னிரக்கம்’ என்பது மிகவும் வசதியான ஒன்றாகும். ஒரு படைப்பாளி தன் துயரத்தைத் தானே எடுத்துரைக்க முற்படும்போது, அத்துயரத்தின் சமூக வேர்கள் எவை, அது எத்தகைய வடிவத்திலே வெளிப்படுகின்றது என்றெல்லாம் ஆராய வேண்டிய சிரமத்தை இச்சொல் எமக்கு இல்லாமற் செய்துவிடுகிறது. முற்போக்கு விமர்சனம் மேலோங்கியிருந்த காலத்திலே இச்சொல்லுக்குத் தனிமனிதவாதம் என்ற பொருளேறியது. அழகியல்வாதிகளோ இதனைக் கலைக்கட்டுப்பாடின்மை என்று கொண்டனர். எதிரெதிர் முகாம்களில் நின்ற இரு சாராரும் ஒரே சொல்லால் ஒரே வகை எழுத்தைப் புறந்தள்ளியமை சிந்தனைக்குரியது.

இச்சொல்லை நானும் தாராளமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் ஒருவர் தாம் எழுதிய நீண்ட சிறுகதையொன்றை அபிப்பிராயம் கேட்டு என்னிடம் தந்தார். விடுதி அறையொன்றிலே பல நாட்களாகக் கதவைத் திறவாது கிடக்கும் இளைஞன் ஒருவனைப் பற்றிய கதை அது. மூன்றாம் பக்கத்தின் ஓரத்திலே சிவப்பு மையினால் ‘தன்னிரக்கம். குறைக்கவும்.’ என எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. அக்கதை கதையன்று என்பது பின்னரே எனக்குத் தெரியவந்தது. நியூசிலாந்து எழுத்தாளர் ஜெனற் பிரேமின் (1924–2004) சுயசரிதத்தை நான் முதன்முறையாக ஊன்றிப் படித்தது அதன் பின்னர்தான். ஆகவே, இக்கட்டுரை முற்றிலும் பற்றற்ற நிலையில் நின்று எழுதப்பட்டதெனக் கூறமாட்டேன்.

பிரேமின் சுயசரிதம் மூன்று பாகங்களாக வெளிவந்தது. முதலாம் பாகம் 1982இலும், ‘என் மேசையில் ஒரு தேவதூதன்’ எனத் தமிழாக்கத்தக்க இரண்டாம் பாகம் 1984இலும், இறுதிப் பாகம் அதனையடுத்தும் பிரசுரமாயின. ஜேன் கம்பியன் 1990இல் இம்மூன்றையும் ஒரே திரைப்படமாக்கினார்; நூலைப் படியாதோர் பலரும் பிரேமை அறிந்தது அப்படத்தின் வாயிலாகவேயாகும். முதலாம் பாகத்தின் தலைப்பு மொழிபெயர்ப்புக்கு எளிதில் இடங்கொடாதது. தீவு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சிறுமி ஜெனற் எழுத்துக்கூட்டி ‘இஸ்-லாண்ட்’ என்றே வாசித்தாள். அது தவறென்று சொல்லப்பட்ட பின்னரும் அவளுக்கு அது ‘இருக்கின்ற நிலம்’ ஆகவே இருந்தது. தன் வாசிப்புப் பிழை ஒன்றையே வாழ்க்கை வரலாற்றின் முதலாம் பாகத்துக்குத் தலைப்பாக்கியிருப்பதிலிருந்தே ஆசிரியர் தம் குழந்தைப் பருவத்தை நோக்கும் பார்வையின் இயல்பு தெரியவருகின்றது. பிழை திருத்தப்படவுமில்லை, அதற்காகச் சிறுமி ஏளனஞ் செய்யப்படவுமில்லை.

கதைச் சுருக்கம் கூறுவது விமர்சனமாகாது எனினும், நம் வாசகரிற் பலர் இந்நூல்களை அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதனால் முக்கிய நிகழ்ச்சிகளைக் குறிப்பிடுவது அவசியமாகின்றது. தந்தை புகையிரதப் பகுதித் தொழிலாளி. ஒரே சகோதரன் வலிப்பு நோயாளன். மூத்த சகோதரி மேட்டில் 1937இலும், இளைய சகோதரி இசபெல் 1947இலும் நீரில் மூழ்கி இறந்தனர். வறுமையும் இழப்பும் நிறைந்த இக்குடும்பத்திலிருந்து டனீடின் நகருக்கு ஆசிரியப் பயிற்சிக்காகச் சென்ற ஜெனற், 1945இல், பயிலுநிலை ஆசிரியையாக இருந்தபோது, வகுப்பறைக்குள் பரிசோதகர் நுழைந்ததும் சற்று வெளியே சென்றுவருவதாகக் கூறிப் புறப்பட்டுப் போனவர் மீண்டும் அவ்வகுப்பறைக்குத் திரும்பவேயில்லை. அதன்பின் சில வாரங்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார். தப்பியதையிட்டு மகிழ்ச்சியும் அடைந்தார். விடயம் அவ்வளவில் முடிந்திருக்கலாம். முடியாமற் போனதற்குக் காரணம் ஒரு கட்டுரை.

அவர் பல்கலைக்கழகத்தில் உளவியற் பாடமும் பயின்று வந்தார். அவ்வகுப்பிலே மாணவர் தத்தம் சுயசரிதையை எழுதிக் கையளிக்க வேண்டியிருந்தது. பிரேம் தமது கட்டுரையின் முடிவிலே அண்மைய தற்கொலை முயற்சியையும் குறிப்பிட்டார். அதிலும், தாம் உட்கொண்ட மாத்திரையின் சாதாரணப் பெயரை எழுதாமல், எடுப்பாக இருக்கட்டும் என்று அதன் இரசாயனப் பெயரை எழுதினார். பிற்காலத்தில் இதனை விவரிக்கும் பிரேம் அந்தச் சிறு பகட்டை மறைக்கவில்லை. அதற்காகத் தம்மைச் சாடிக்கொள்ளவுமில்லை. இருபத்தொரு வயது மாணவி ஒருத்தி நல்ல புள்ளி பெறுவதற்காகத் தன் மரண முயற்சிக்குக்கூட நடையழகு சேர்க்கிறாள் என்பது நகைப்புக்குரியது. அதேவேளை தாங்கமுடியாத துயரமுமாகும். இரண்டையும் ஒருங்கே காணுகின்ற பார்வை தன்னிரக்கத்துக்கு வாய்ப்பதில்லை. தன்னிரக்கம் நகைப்பை அனுமதியாது.

கட்டுரையைப் படித்த இளம் விரிவுரையாளர் கலவரமடைந்தார். அவரும் வேறு இருவரும் அவளது இருப்பிடத்துக்கு வந்து, சிறிது ஓய்வு எடுக்கலாமே என்று கூறி ஆஸ்பத்திரியின் உளநோய்ப் பகுதிக்கு அழைத்துச் சென்றனர். மூன்று வாரங்களின் பின் தாயார் வந்து வீட்டுக்கு அழைத்தபோது, அவ்வீட்டுக்குத் திரும்ப விரும்பாத மகள் கூச்சலிட்டாள். கூச்சலே நோயின் சான்றாயிற்று. சீக்ளிப் மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டாள். 1942 டிசெம்பரில் தீப்பற்றியபோது, பூட்டிய விடுதிக்குள் அகப்பட்ட முப்பத்தேழு பெண் நோயாளிகள் மாண்டது இதே வைத்தியசாலையிலேதான். சிசோபிரேனியா எனும் உளச்சிதைவு நோய் என்று முடிவு கூறப்பட்டது. அடுத்த எட்டு ஆண்டுகளின் பெரும்பகுதி மூன்று வைத்தியசாலைகளில் மாறிமாறிக் கழிந்தது. மின்னதிர்ச்சிச் சிகிச்சை இருநூறு தடவைக்கு மேல் அளிக்கப்பட்டது.

இங்கே நூலின் ஒரு பகுதி என்னை நீண்டநேரம் நிறுத்திவைத்தது. அந்த விரிவுரையாளர், ஜெனற்றைப் பார்க்கும்போது வான்கோவும் ஹியூகோ வொல்பும் நினைவுக்கு வருவதாகக் கூறினாராம். அவரது கவனத்தை இழக்க விரும்பாத மாணவி, நூலகத்தில் உளச்சிதைவு நோய் பற்றிய நூல்களைத் தேடிப் படித்து, அவற்றிற் கூறப்பட்ட அறிகுறிகளை அடுத்த சந்திப்பிலே நடித்துக் காட்டினாள். நோய்ப்பெயர் அவளுக்கு ஓர் அடையாளமாயிற்று. தனிமைப்பட்ட, பற்கள் சொத்தையான, உடுக்க நல்ல ஆடையற்ற ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்த முதலாவது கௌரவமாயிற்று. கலைஞனையும் பித்தனையும் ஒன்றாக்கும் காதல்நெறி இயக்கத்தின் பழங்கருத்து பல்கலைக்கழகத்து அறையொன்றில் என்ன செய்யவல்லது என்பதற்கு இதைவிட வலிய சான்று நான் அறிந்தவரை வேறில்லை. பித்துநிலையே கவித்துவத்தின் ஊற்று என்று கவியரங்குகளில் முழங்கும் நம்மவர் இப்பகுதியை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

எனினும், அதே விரிவுரையாளரின் உதவியாலேயே பிரேமின் சிறுகதைகள் பதிப்பகமொன்றைச் சென்றடைந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘கடல்நீரேரி’ எனும் பொருள்படும் தலைப்புடன் 1951ஆம் ஆண்டுக்குரியதாக வெளிவந்த அத்தொகுதி ஹியூபேட் சேர்ச் நினைவுப் பரிசைப் பெற்றது. அவ்வேளையில் ஆசிரியர் வைத்தியசாலையில், மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் சத்திரசிகிச்சைக்காகப் பெயர் குறிக்கப்பட்டுக் காத்திருந்தார். தாயாரின் கையொப்பமும் பெறப்பட்டிருந்தது. பரிசுச் செய்தியைப் பத்திரிகையிற் கண்ட வைத்திய அத்தியட்சகர் சத்திரசிகிச்சையை இரத்துச் செய்தார். இலக்கியம் உயிரைக் காக்கும் என்று மேடைகளிற் பேசுவோருக்கு இது நல்ல உதாரணம். பிரேம் இதனை அவ்வாறு வெற்றிக்கதையாக்கவில்லை என்பதே நமது கவனத்துக்குரியது. அவர் உடனே தம் தோழி நோலாவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். நோலாவுக்குப் பரிசு எதுவும் கிடைத்திருக்கவில்லை. அவளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின்னர் அவள் வாழ்ந்த குறுகிப்போன வாழ்க்கையைப் பிரேம் சில பக்கங்களிற் கூறுகிறார்.

நூலின் அறவியல் மையம் அப்பக்கங்களே என்பது என் கருத்து. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்ரின் நெவ் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில் தற்பரிவு என்பதனை மூன்று கூறுகளாக விளக்கினார்: தன்னைக் கடிந்துகொள்ளாது தன்பால் அன்பு காட்டல், தனக்கு நேர்ந்த துன்பம் மனிதர் யாவருக்கும் பொதுவான துன்பத்தின் பகுதியே என உணர்தல், துன்பத்தை மறைக்காமலும் பெருக்காமலும் விழிப்புடன் நோக்கல். பௌத்த சிந்தனையிலிருந்து பெறப்பட்ட இக்கருத்து இன்று சுயமுன்னேற்ற நூல்களிலே மலிந்து, நீராவிக் குளியலும் நறுமணமெழுகும் விற்பவர் கைக்குப் போய்விட்டது வேறு கதை. ஆனால் இரண்டாவது கூறு விமர்சகனுக்கு மிகவும் பயனுடையது. தன்னிரக்கமுடையவன் உலகிலே தனக்கு மட்டும் இது நேர்ந்தது என்கிறான். தற்பரிவுடையவனோ தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போதே பக்கத்துக் கட்டிலில் கிடப்பவளையும் காண்கிறான். பிரேமின் எழுத்திலே பக்கத்துக் கட்டில் ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை.

இவ்வேறுபாட்டைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. ‘தற்பரிவு’ என்பது தற்போதைக்கு நான் கையாளும் சொல்லே; ஏற்ற சொல்லை மொழியறிஞர் தருவராயின் நன்று. சொல் இல்லாமைக்குக் காரணங்களும் உண்டு. நமது மரபிலே ‘நான்’ என்று பேசும் குரல்களுள் ஆற்றல் மிக்கது பக்திப் பாடல்களின் குரல். மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையவராகச் சொல்லிக்கொள்கிறார். அவ்விழிவைத் துடைக்க இறைவன் இருக்கிறான் என்ற உறுதி அங்கே பின்புலமாக உண்டு. இறைவனை நீக்கிவிட்டு அந்த இழிவுரையை மட்டும் வைத்துக்கொண்ட நவீன கவிதைகளை நாம் அறிவோம். உரைநடையிலோ, உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ முதலாகச் சுயசரிதம் என்பது பெரும்பாலும் பணியின் வரலாறாகவே அமைந்தது. மனம் உடைந்து மீண்டவர் அதனைத் தம் பெயரிலேயே சொல்லும் நூல்கள் நம்மிடம் மிக அருமை. தமிழகத்திலே கோபிகிருஷ்ணன் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ மூலம் மனநோய் விடுதியினுள்ளிருந்து எழும் குரல்களைப் பதிவுசெய்தார். நமது நாட்டிலே போரின் உளத்தாக்கம் பற்றித் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல் நன்கறியப்பட்டது. அது ஒரு வைத்தியரின் நூல். நோயுற்றவர் தாமே பேசும்போது அதனை எவ்வாறு வாசிப்பது என்பதில் நாம் இன்னும் பயிற்சி பெறவில்லை. ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கும் சமூகத்திலே யார்தான் தம் பெயரிட்டுப் பேச முன்வருவர்?

மீட்சியைக் கூறும் நூல்களுக்கென ஒரு வாய்பாடு மேலைநாட்டிலே உருவாகியுள்ளது. அதன் தொடக்க நூல்களுள் ஒன்று, கிளிபர்ட் பியர்ஸ் என்ற அமெரிக்கர் 1908இல் வெளியிட்ட ‘தன்னைக் கண்டடைந்த மனம்’ என்பதாகும். மாடி யன்னலிலிருந்து குதித்து உயிர் தப்பி, மூன்று ஆண்டுகள் மனநோய் விடுதிகளில் அடியும் கட்டும் பட்டு வெளியேறிய பியர்ஸ், அவ்வனுபவத்தை நூலாக்கி, மறுஆண்டே தேசிய உளச்சுகாதாரக் குழுவையும் நிறுவினார். அந்நூலின் சமூகப் பயன் மறுக்க முடியாதது. ஆனால் அதன் அமைப்பு இருளிலிருந்து ஒளிக்கு நேர்கோட்டிற் செல்லும் அமைப்பாகும். நலமடைந்த பியர்ஸ் நோயுற்ற பியர்ஸை ஒரு மேடையிலிருந்து நோக்குவதுபோல நோக்குகிறார். வாழ்க்கை நூலைப் பின்பற்றவில்லை. 1939இல் அவர் மீண்டும் மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, 1943இல் அங்கேயே காலமானார். இதனால் அவரது நூல் பொய்யாகிவிடாது. கடைசிப் பக்கத்தில் மீட்சி நிறைவெய்தியே ஆகவேண்டும் என்ற இலக்கிய நியதிதான் பொய்யானது.

பிரேமிடம் அத்தகைய கடைசிப் பக்கம் இல்லை. 1955இல் வைத்தியசாலையை விட்டு நீங்கிய அவருக்கு எழுத்தாளர் பிராங் சார்ஜசன் தமது வீட்டுத் தோட்டத்திலிருந்த பழைய இராணுவக் குடிலைக் கொடுத்தார். காலையில் எழுதுவது, நண்பகலில் உண்பது என்ற ஒழுங்கு அமைந்தது. இப்பகுதியிலே ஒரு சிறு விவரம்: சார்ஜசன் குடிலைக் கடந்து செல்லும்போது தாம் எழுதாமலிருப்பது தெரிந்துவிடுமே என்று அஞ்சிய பிரேம், தட்டச்சுப் பயிற்சிக்குரிய வாசகங்களையே மீளமீளத் தட்டிக்கொண்டிருந்தாராம். முன்னர் நோயை நடித்த அதே பெண் இப்போது நலத்தை நடிக்கிறாள். நலமும் முதலில் நடிப்பாகவே தொடங்குகிறது. தட்டச்சு இயந்திரத்தின் ஒலி நாளடைவில் உண்மையான எழுத்தின் ஒலியாகிறது. அவரது முதல் நாவல் அக்குடிலிலேதான் எழுதப்பட்டு 1957இல் வெளிவந்தது. உளநோய் நூல்கள் கூறும் ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லுக்குள் இத்தகைய பொய்த் தட்டச்சுக்கும் ஓரிடம் உண்டு என்பதைப் பிரேமைத் தவிர யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பின்னர் இலண்டனில் மோட்ஸ்லி வைத்தியசாலை வல்லுநர் குழு, அவருக்கு உளச்சிதைவு நோய் என்றுமே இருந்ததில்லை என முடிவு செய்தது. வாசகர் இங்கே மகிழ்ச்சியை எதிர்பார்ப்பர். பிரேம் எழுதுவதோ இழப்புணர்வை. நீண்டகாலமாக உடுத்திருந்த ஆடையொன்று திடீரென உரியப்பட்டாற் போன்ற குளிர். நோய்ப்பெயர் ஓர் அநீதியாக இருந்தது; அதேவேளை உதவி கேட்பதற்கான உரிமைச் சீட்டாகவும் இருந்தது. நோய் இல்லை என்றால் துயரம் மட்டும் எஞ்சுகிறது. அதற்கு யாரிடம் செல்வது? அங்கே சந்தித்த வைத்தியர் றொபேட் கோலி, எட்டாண்டுச் சிகிச்சையின் விளைவுகளே இப்போதைய துன்பம் என்பதை உணர்ந்து, அவ்வனுபவங்களை எழுதுமாறு தூண்டினார். பிறரோடு கலந்து பழகினால்தான் நலம் என்று அதுவரை பலரும் கூறிய புத்திமதியை ஏற்கவேண்டியதில்லை, தனிமையில் வாழவும் எழுதவும் விரும்பினால் அவ்வாறே வாழலாம் என்றார். இதன் விளைவே ‘நீரில் தெரியும் முகங்கள்’ (1961) நாவல். பிரேம் பின்னாளில் எழுதிய நாவல்களில் ஏழு இவ்வைத்தியருக்குச் சமர்ப்பிக்கப்பட்டன.

சுயசரிதத்தின் மீது எனக்குக் குறைகளும் உண்டு. மூன்றாம் பாகத்தின் ஐரோப்பியப் பயணப் பகுதிகள் தளர்வாக உள்ளன. ‘கண்ணாடி நகர்’ என்ற கற்பனைக் குறியீடு அளவுக்கு மேல் மீட்டப்படுகிறது. இதனினும் முக்கியமான குறை, வைத்தியசாலை ஆண்டுகள் வியக்கத்தக்க சுருக்கத்திற் கடந்து செல்லப்படுவதாகும். விவரம் வேண்டுவோர் நாவலைப் பார்க்கலாம், அதன் நாயகி கற்பனைப் பாத்திரமே எனினும் நிகழ்ச்சிகள் உண்மையானவை என்ற பொருளில் ஆசிரியர் நம்மை அனுப்பிவிடுகிறார். முதலில் இதனை ஒரு தப்பித்தல் என்றே கருதினேன். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபின் கருத்து மாறியது. நாவலிலே ‘நான்’ என்பது விரைவிலேயே விடுதிப் பெண்களின் கூட்டுக்குரலாக விரிந்துவிடுகிறது. ‘எனக்கு நேர்ந்தது’ என்று சுயசரிதம் சொல்லியிருந்தால் ஒருத்தியின் வழக்காக முடிந்திருக்கும் விடயம், நாவலில் ஒரு நிறுவனத்தின் மீதான குற்றப்பத்திரமாகிறது. இவ்விடத்தில் நமது முற்போக்கு விமர்சகர்கள் அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. பிரேமுக்கு நோய் இருக்கவில்லை என்று அறியும்போது நமது பரிவு பெருகுவது ஏன்? தவறாக அடைக்கப்பட்டவள் மீது இரங்குவது எளிது. உண்மையிலேயே உளச்சிதைவு நோயுற்று, குரல்களைக் கேட்டு, மருந்துண்டு, மீண்டும் நோயுற்று, மீண்டும் தேறும் மனிதர் மீது அதே பரிவு நமக்கு உண்டா? மருந்துகளாலும் மின்னதிர்ச்சியாலும்கூட உண்மையில் நலமடைந்தோர் பலர். இன்று மயக்கமருந்துடன் அளிக்கப்படும் அச்சிகிச்சையைப் பிரேம் பெற்ற சிகிச்சையோடு ஒன்றாக வைத்தல் தகாது. பிரேமின் நூலை வைத்தியத்துக்கெதிரான வழக்காக வாசிப்போர் நோலாவை மறந்துவிடுகின்றனர். நோலாவின் நோய் எதுவென்று தீர்ப்புக் கூறப் பிரேம் முற்படவில்லை. அதைப் பொருட்படுத்தாமலே அவளை நேசித்தார். பிரேம் இறந்த பின்னரும் பெயரிடும் ஆவல் ஓய்ந்ததில்லை: 2007இல் நியூசிலாந்து மருத்துவ சஞ்சிகையொன்றில், அவருக்கு இருந்தது ஓட்டிசம் ஆகலாம் என்று கட்டுரை வெளிவந்து சர்ச்சையாயிற்று.

அம்மாணவர் ஒரு தவணை கழித்துத் திரும்பி வந்தார், பட்டமும் பெற்றார். விடைபெற வந்தபோது அக்கதையை மீண்டும் தரும்படி நானே கேட்டேன். சற்று யோசித்துவிட்டுத் தந்தார். சிவப்பு மை அப்படியே இருந்தது. அவர் அதனை அடிக்கவில்லை. அதன் கீழே, பென்சிலினால், கதவைத் தட்டும் நண்பன் ஒருவனை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார்.